பலூன் மாதிரி ஒரு ராக்கெட்

காலி கூல்டிரிங்க்ஸ் டின்னை நிமிர்த்தி வைத்து மேலிருந்து மிதித்தால் சப்பென்று நசுங்கிவிடும். திறக்காத டின்னை மிதித்துப் பாருங்கள், அவ்வளவு லேசில் நசுங்காது. தகரம் அதே தகரம்தான். உள்ளே இருக்கும் அழுத்தம்தான் வித்தியாசம். இதை நம்பி அமெரிக்கா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையையே கட்டியது. பெயர் அட்லஸ்.

மெல்லிய உருளையின் மேல் பாரம் ஏறும்போது, உலோகம் உடைவதற்கு முன்பே சுவர் மடிந்துவிடும். இன்ஜினியர்கள் இதை பக்லிங் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன நெளிவு இருந்தாலே போதும், கணக்குப் போட்ட பாரத்தில் பாதியைக்கூடத் தாங்காமல் போகலாம். வழக்கமான வைத்தியம், உள்ளே சட்டம் வைத்து முட்டுக் கொடுப்பது. ஜெர்மனியின் வி-2 அப்படித்தான்: சட்டம் வைத்த கூடு, அதற்குள் தனியாக டாங்கிகள். எடையைக் கேட்கவே வேண்டாம்!

பெல்ஜியத்தில் பிறந்து, அமெரிக்காவின் கான்வேர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் காரெல் போசார்ட். டாங்கியே ராக்கெட்டின் உடம்பாக இருக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு அதை விறைப்பாக வைத்திருக்கட்டும் என்றார். 1946-ல் எம்எக்ஸ்-774 திட்டத்தில் தொடங்கினார். 1947-ல் அரசாங்கம் திட்டத்தை ரத்து செய்தது. மிச்சமிருந்த பணத்தில் 1948-ல் மூன்று ராக்கெட்டுகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு வந்த அட்லஸும் இதே வழிதான். 3 மீட்டர் அகல ராக்கெட், ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு பல இடங்களில் 1 மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

வான் பிரவுனின் ஆட்களுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. போசார்ட் ஒரு டாங்கியில் அழுத்தம் ஏற்றி, சம்மட்டியால் ஓட்டை போடச் சொல்லி அவர்களில் ஒருவருக்குச் சவால் விட்டார். டாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, சம்மட்டிதான் எகிறித் திரும்பியது. 1957 ஜூன் 11-ல் முதல் அட்லஸ் இன்ஜின் கோளாறால் வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. தரையிலிருந்து வெடிக்க வைக்கும்வரை டாங்கி உடையவில்லை. தோல்விதான், ஆனால் போசார்டுக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. டாங்கி காலியாக இருந்தாலும் அழுத்தம் குறையக் கூடாது. 1963 மே மாதம் வேண்டன்பெர்க்கில் அழுத்தம் இறங்கியதும், ஏவுதளத்தில் நின்ற அட்லஸ் அப்படியே மடிந்து விழுந்தது.

அதற்கும் முன்பே, 1960 ஜூலை 29-ல், ஆளில்லாத மெர்க்குரி கலத்தோடு கிளம்பிய அட்லஸ் ஒரு நிமிடத்தில் சிதறியது. அடுத்து மனிதன் உட்கார வேண்டிய இடம்! கலத்துக்குக் கீழே இருந்த மெல்லிய பகுதி மேல்தான் சந்தேகம். அடுத்த ராக்கெட்டின் டாங்கிக்கு மேல்பக்கம் சுமார் 20 செ.மீ. அகலத்தில் ஸ்டீல் பெல்ட் கட்டினார்கள். இன்னொன்றும் சிதறினால் யார் பதில் சொல்வது என்று பெரிய தயக்கம். 1961 பிப்ரவரி 21-ல் ஏவினார்கள், தாங்கியது. அப்புறம் அந்த இடத்துத் தகடே தடிமனாக வந்தது. 1962 பிப்ரவரி 20-ல் ஜான் கிளென் அட்லஸ் மேல் ஏறிப் போய், பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கினார்.