பிடி அரிசியும் ராஜா பணமும்

காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. நந்தலாற்றுப் பாலத்தைத் தாண்டி, பொறையாறு வழியாகப் போக வேண்டும். பிள்ளைப் பிராயத்தில் எங்களுக்கு அது வேறு சீமை மாதிரி. நாங்கள் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள். லூயி மன்னர்கள் அத்தனை பேரையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்போம். பக்கத்து ஊரில் டேனிஷ்காரன் 1620-லேயே கோட்டை கட்டினான் என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

அந்த ஊரில் 1716 அக்டோபரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கியது. உபதேசியார்களைப் பழக்குவதற்கான பள்ளி. மாணவர்கள் 8 பேர். தொடங்கியவர் சீகன்பால்கு ஐயர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் என்று சொல்வார்கள். அவருடைய அச்சுக்கூடத்தையும் புதிய ஏற்பாட்டையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ஆயுள் முழுக்கக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. அந்த 8 பிள்ளைகளுக்குச் சோறு யார் போட்டது?

முதலில் இப்படி ஒரு பள்ளி ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். டேனிஷ் எல்லை கோட்டையைச் சுற்றிச் சில ஊர்களோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் தஞ்சாவூர் மராட்டிய ராஜாவின் சீமை. 1709-ல் சீகன்பால்கு தஞ்சாவூருக்குப் புறப்பட்டு, பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரர் நுழைய முடியாத ஊருக்குள் நம்ம ஊர் ஆள் நடந்தே போய்விடுவார். பேச்சும் பழக்கமும் அவருக்குத் தெரியும். போதாததற்கு, வந்த வெள்ளைக்காரர்கள் இந்த வெயிலில் அதிக நாள் தாங்குவதில்லை. ஆகவே உள்ளூர்ப் பிள்ளைகளை வேதபாடமும் பிரசங்கமும் படிக்க வைக்க வேண்டியிருந்தது.

இனி பணத்துக்கு வருவோம். மிஷனுக்குப் புரவலர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ஆண்டுக்கு 2000 ரிக்ஸ்டாலர் ஒதுக்கினார். அதுவும் எதிலிருந்து? தபால் வருமானத்திலிருந்து! டென்மார்க்கில் யாரோ யாருக்கோ போட்ட கடுதாசிக்கான கூலியில் தரங்கம்பாடியில் உலை கொதித்தது. இது போக, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பிராங்கே என்ற போதகர், இங்கிருந்து போன கடிதங்களை 1710 முதல் அச்சடித்து வெளியிட்டார். படித்தவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கமும் உதவியது.

ஒதுக்கீடு ஆனால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடுமா? கஜானாவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். 1708-ல் பணம் வந்தது. கப்பலிலிருந்து கரைக்கு வரும் படகு கவிழ்ந்து கடலில் போயிற்று. லண்டன்காரர்கள் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலை, பிரேசிலில் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1711-ல் துகே-த்ருவேன் ரியோவைப் பிடித்த வீரக் கதையை நாங்கள் வகுப்பில் கைதட்டிப் படித்தவர்கள். அந்தச் சண்டையில் நம்ம தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அச்சு மிஷினும் மாட்டியது என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்! மிஷின் மீட்கப்பட்டு 1712-ல் வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துவிட்டார்.

கடலைவிடப் பெரிய சங்கடம் காகிதத்தில் வந்தது. மிஷனை நிர்வகிக்க 1714-ல் கோபன்ஹேகனில் ஒரு சபை அமைத்தார்கள். அதன் செயலாளர் வென்ட் என்பவருக்கு ஒரே பிடிவாதம். அப்போஸ்தலர்கள் கட்டடமா கட்டினார்கள், பள்ளிக்கூடமா நடத்தினார்கள்? ஊர் ஊராக நடந்து பிரசங்கித்தால் போதும், இவ்வளவு செலவு எதற்கு என்பது அவர் கட்சி. கடுமையான கடிதங்கள் வந்தன. இங்கே இருந்தவர்கள் மனம் நொந்தார்கள். சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் 36 வயதில் மறைந்தார். உடன் உழைத்த கிரண்ட்லர் அடுத்த ஆண்டே போய்விட்டார்.

வென்ட் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் ஒரு கணக்குப்பிள்ளைதான். கப்பல் போக வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பொறையாற்றுப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு அவசியமா என்று தீர்மானித்தார். அதுதான் கோளாறு.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நானும் ஒரு வென்டாக இருந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீசில் பொறையாறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் பியூனாக இருந்தார். லுத்தரன் சபைக்காரர். சம்பளத்தன்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேஜை மேஜையாக வருவார். உபதேசியார் படிப்புக்குப் போன ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்கு. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அது காரணமில்லை. "ரசீது இருக்கா அண்ணே? வரவு செலவு யார் தணிக்கை பண்றாங்க?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பிடி அரிசிக்கு ஏதுங்கய்யா ரசீது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அதன் பிறகு என் மேஜையில் அவர் நிற்கவே இல்லை.

பல வருஷம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரையில் அவர் சம்சாரம் ராத்திரிச் சமையலுக்கு அரிசி அளந்தார். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையில் இருந்த மண் கலயத்தில் போட்டார். கல்யாணக் கடன் தலைக்கு மேல் இருந்த வீடு அது. "இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "படிக்கிற புள்ளைங்களுக்குங்க. எங்க மாமியா காலத்திலேருந்து போடுறது" என்றார். மூட்டையிலிருந்து அவர் எடுக்கவில்லை. தாங்கள் சாப்பிட அளந்ததிலிருந்து எடுத்தார். நான் கேட்ட ரசீது ஞாபகம் வந்து, காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ராஜா பணம் சின்னக் காரியம் செய்யவில்லை. அது இல்லாமல் அந்தப் பள்ளி பிறந்தே இருக்காது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன், உபதேசியாராக உழைத்து, 1733-ல் குரு அபிஷேகம் பெற்று மாயவரம் பக்கம் ஊழியம் செய்தாரே, அதுவும் அந்த உதவியில் வளர்ந்த மிஷனில்தான். ஆனால் பணம் கொடுத்தவர்களே நாற்காலியையும் வைத்துக்கொண்டார்கள். 1845-ல் டேனிஷ்காரர் ஊரை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுப் போனார்கள். அடுத்து லைப்சிக் ஜெர்மானியர், பிறகு சுவீடன்காரர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவானது. அப்போதும் பிஷப் நாற்காலியில் சுவீடன்காரரே இருந்தார். ஆர். பி. மாணிக்கம் என்ற தமிழர் அதில் உட்கார்ந்தது 1956-ல். கரையிறங்கி 250 வருஷம்! அவர் பெயரைத் தாங்கிய கல்லூரிதான் பொறையாற்றில் இருக்கிறது.

அந்த 250 வருஷத்தில் கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் எழுதிய கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கலயத்தில் விழுந்த அரிசிக்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்தேன். "பிள்ளைங்க சாப்பாட்டுக்கு அண்ணே" என்றேன். வாங்கிக்கொண்டார். பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து, என் பெயரையும் தொகையையும் நிதானமாக எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சரியா இருக்குங்களா ஐயா?" என்றார். கேலியா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பிடி அரிசிக் கலயம் இருந்ததா? அம்மா, ஆத்தா போட்டதைப் பார்த்தவர்கள் எழுதி வையுங்கள். நம்ம தலைமுறையோடு போய்விடும்.