ஆங்கில எழுத்துக்கூட்டும் நம் சிறுவர்களும்

ஆங்கிலச் சொல்லொன்றை எழுத்துப் பிழையின்றி எழுத இயலாத சிறுவனை மந்தபுத்தியுடையவன் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இதில் தோட்டத்திற்கும் பட்டணத்திற்கும் வேற்றுமை இல்லை. கணக்கில் வல்லவனாகவும் தமிழைத் தட்டின்றிப் படிப்பவனாகவும் உள்ள பிள்ளை, பத்து ஆங்கிலச் சொற்களில் ஐந்தைப் பிழையாக எழுதிவிட்டால், இவனுக்குப் படிப்பு ஏறாது என்று பெற்றோரே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பைக் கேட்டு மனமுடைந்து படிப்பை வெறுத்த பிள்ளைகள் பலர். ஆதலின், குற்றம் பிள்ளையினுடையதா, அன்றி அம்மொழியின் எழுத்து முறையினுடையதா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வது நமது கடமையாகும்.

ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. உயிரெழுத்துக்கள் ஐந்தே, அவை தாங்கவேண்டிய உயிரொலிகள் ஏறக்குறைய 20. ஐந்து பேர் இருபது பேருடைய வேலையைச் செய்யப் புகுந்தால் குழப்பம் நேராதிருக்குமோ? தமிழிலும் ககரம் ஒன்றே இடத்திற்கேற்பப் பலவாறு ஒலிக்கின்றது எனினும், இடத்தைக் கண்டவுடன் ஒலி இன்னதென்று விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அவ்வுறுதி இல்லை. தமிழெழுத்தில் பழகிய கண்ணுடன் ஆங்கிலப் பாடத்திற்கு வரும் நம் பிள்ளை முதலில் திகைப்பது இயல்பேயாம்.

இக்குழப்பம் ஒரு நாளில் விளைந்ததன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் ஆங்கிலச் சொற்களைத் தம் வழக்கப்படி மாற்றி எழுதலாயினர். அரசியைக் குறிக்கும் 'குயீன்' என்னும் சொல்லில் க்யூ எழுத்தும், வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்னும் சொல்லில் ஓ எழுத்தும் அவ்வாறு நுழைந்தவை. அக்காலத்துக் கையெழுத்தில் யூ, என், எம், வி ஆகிய எழுத்துக்கள் யாவும் ஒரே வகைச் சிறு கோடுகளால் அமைந்தவை. அடுத்தடுத்து வந்தால் பிரித்துப் படிப்பது அரிது. ஆகவே யூ இருக்கவேண்டிய இடத்தில் ஓ எழுதினர் என்பர். 'லவ்', 'ஸன்', 'கம்' என்ற சொற்களில் இன்றும் ஓ நிற்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகின்றது. எழுதுவோரின் வசதிக்காகச் செய்த மாற்றம், படிக்கும் குழந்தைக்குப் பின்னாளில் பாரமாயிற்று.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ, எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல ஒரு நிலையில் உறைந்து நின்றது. ஆனால் மக்களின் நாவு நிற்கவில்லை. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் யாவும் இடம் பெயர்ந்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்னும் சொல் முற்காலத்தில் 'நாமெ' என்பதற்கு ஒத்து ஒலித்தது. இறுதி ஈ எழுத்தும் அன்று வாய்விட்டுச் சொல்லப்பட்டது. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் முதலிலுள்ள கே எழுத்தும், நடுவிலுள்ள ஜி, எச் எழுத்துக்களும் அன்று உயிருடன் ஒலித்தவையே. ஒலி மறைந்தது, எழுத்து எஞ்சியது.

போதாக்குறைக்குப் பண்டிதர்களும் தம் பங்குக்குச் சுமை ஏற்றினர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபொழுது அதில் பி எழுத்து இல்லை. இலத்தீன் மூலத்தில் உண்டு என்பதற்காக அதைப் புகுத்தினர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் செய்தி இன்னும் வேடிக்கையானது. அது தூய ஆங்கிலச் சொல். இலத்தீனுடன் அதற்கு உறவே இல்லை. உறவு உண்டெனத் தவறாக எண்ணி அதற்குள் எஸ் எழுத்தைத் திணித்துவிட்டனர். பண்டிதர் செய்த பிழை இன்று இலக்கணமாயிற்று; அப்பிழையைச் செய்யாத சிறுவன் தண்டனை பெறுகின்றான்!

இவ்வலங்கோலத்தை ஒழுங்கு செய்ய முயன்றவர்களும் உளர். லண்டன் நகரத்து உபாத்தியாயராகிய ரிச்சர்டு மல்காஸ்டர் 1582-இல் ஒரு நூல் வெளியிட்டு, இறுதியில் ஒலியாது நிற்கும் ஈ எழுத்து முன்னுள்ள உயிரை நீட்டும் என்பதை முறைப்படுத்தினார். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இருந்த வழக்கையே பெரும்பாலும் உறுதிப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தமது 1828-ஆம் ஆண்டு அகராதியில் 'கலர்' போன்ற சொற்களிலிருந்த வேண்டாத யூ எழுத்தை நீக்கினார். 1906-இல் அந்நாட்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய முறையில் அச்சிடும்படி உத்தரவிட்டார், பத்திரிகைகள் நகைத்தன, சட்டசபை மறுத்தது, உத்தரவு அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 1949-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மாண்ட் பாலிக் கொண்டுவந்த சீர்திருத்த மசோதா, 84-க்கு 87 என்ற மூன்றே வாக்குகளில் தோற்றது.

அலுவலகத்தில் பேரேடு எழுதும் எம்போன்ற கிராணிமார் பிட்மன் சுருக்கெழுத்தைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர். அதை வகுத்த ஐசக் பிட்மனின் பேரர் ஜேம்ஸ் பிட்மன், குழந்தைகளுக்கென 40-க்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட ஒரு நெடுங்கணக்கை அமைத்தார். 1961 முதல் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. பிள்ளைகள் விரைவில் வாசிக்கக் கற்றனர். எனினும் பழைய எழுத்துக்கூட்டிற்குத் திரும்புகையில் பலர் இடர்ப்பட்டனர். அம்முறையும் மறைந்தொழிந்தது.

மற்ற மொழிகளில் சீர்திருத்தம் நிறைவேறியிருக்கின்றது. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் உடன்பட்டு மலாய் எழுத்துக்கூட்டைப் பொதுவாக்கின. 'கெச்சில்' என்ற சொல்லில் ஸி, எச் என இரண்டெழுத்து எழுதிவந்த நம் நாட்டவர் ஸி ஒன்றையே எழுதலாயினர். பெரியார் 1935-இல் குடி அரசில் கையாண்ட தமிழெழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டது. ஆங்கிலமோ பல நாடுகளின் உடைமை. அதற்கு ஆணையிடவல்ல அரசு எதுவுமில்லை. ஆகவே எழுத்து மாறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கற்பிக்கும் முறையையே நாம் மாற்றவேண்டும்.

எங்ஙனம் மாற்றுவது? முதலாவது, விதியை விதிக்காக ஓதுதல் கூடாது. ஐ எழுத்து ஈ எழுத்திற்கு முன் வரும், ஸி-க்குப் பின்னாயின் மாறும் என்ற பழைய விதிக்கு விலக்குகள் மிகுதி. ஆதலால் அதைக் கற்பிப்பது வீண் என்று 2009-இல் இங்கிலாந்து அரசின் வழிகாட்டி நூலே ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. இரண்டாவது, சொற்களைக் குடும்பமாகக் கற்பித்தல் நன்று. 'லைட்', 'ரைட்', 'பைட்' முதலியவற்றைச் சேர்த்து எழுதவைத்து, நடுவிலுள்ள இரண்டெழுத்துக்கள் முன்னொரு காலத்தில் ஒலித்தவை என்று சொன்னால், ஒரு சொல்லைக் கற்கும் பிள்ளை பல சொற்களைக் கற்றுவிடும். 'கிவ்', 'ஹேவ்' போன்றவற்றில் ஈ எழுத்து உயிரை நீட்டவில்லையே என்று பிள்ளை கேட்குமாயின், வி எழுத்தில் ஆங்கிலச் சொல் முடிவதில்லை, அதற்குத் துணையாகவே ஈ நிற்கின்றது என்று விடை கூறலாம். மூன்றாவது, நம் நாட்டுப் பிள்ளை தெருவில் காணும் பலகைகளை ஆசிரியர் மறத்தல் ஆகாது. பஸ் என்பதை மலாயில் பி, ஏ, எஸ் என்றும், டாக்ஸியை கே எழுத்திட்டும் எழுதுகின்றோம். அதைக் கண்ட பிள்ளை ஆங்கிலத் தாளிலும் அவ்வாறே எழுதினால் அது அறியாமையன்று. காதால் கேட்டதை ஒழுங்காக எழுதிய அறிவேயாம். இரு மொழியின் வழக்கையும் அருகருகே எழுதிக் காட்டுதல் வேண்டும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மைக்கோடுகளைக் காணும்பொழுது சினங்கொள்ளாதீர்கள். நார்மானிய எழுத்தர், அச்சுக் கோத்தவர், பண்டிதர் ஆகியோர் பல நூறு ஆண்டுகளாக விட்டுச் சென்ற முடிச்சுகளை எட்டு வயதுப் பிள்ளை ஒரே மாலையில் அவிழ்த்துவிட இயலாது. இரவில் விளக்கடியில் பிள்ளையுடன் கால்மணி நேரம் அமர்ந்து, எழுதிய சொல்லை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் இதைச் செய்யலாம். கேட்பதற்கு ஒருவர் உளர் என்ற துணிவே பிள்ளைக்குப் பெரும் பலம். படிப்பு ஏறாது என்ற சொல்லை மட்டும் நம் வீடுகளிலிருந்து ஒழிப்போமாக.