பருத்தி அதிகம் விளையாத நாடு உலகுக்குச் சட்டை தைத்த கதை



திருப்பூர்ப் பக்கம் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பருத்தியே பெரிதாக விளையாத வங்கதேசம் ஆடை ஏற்றுமதியில் எப்படி சார் நம்மை முந்தியது?" சந்தையைத் திறந்துவிட்டார்கள், தொழில் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நடந்தது அப்படியல்ல.

1974இல் மல்டி ஃபைபர் ஒப்பந்தம் வந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்தன. தென் கொரியா அந்தக் கோட்டாவில் மாட்டிக்கொண்டது. அங்குள்ள டேவூ நிறுவனம், கோட்டா இல்லாத நாட்டைத் தேடி வங்கதேசத்துக்கு வந்தது. அரசு அதிகாரியாக இருந்து தொழிலுக்கு வந்த நூருல் காதரின் தேஷ் கார்மென்ட்ஸுடன் 1978இல் ஒப்பந்தம் செய்தது. ஆக, தொடக்கம் திறந்த கதவால் அல்ல, வேறொருவருக்கு எதிரே எழுப்பிய சுவரால்!

1979இல் தேஷிலிருந்து 130 பேர் கொரியாவின் பூசான் நகரத்து ஆலைக்குப் போய்ப் பல மாதங்கள் தொழில் கற்றார்கள். திரும்பிய சில ஆண்டுகளிலேயே அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு விலகிச் சொந்த ஆலை தொடங்கினார்கள், அல்லது புதிய ஆலைகளில் சேர்ந்தார்கள். முதலாளிக்கு இழப்புதான். ஆனால் கற்ற வித்தை நாடு முழுவதும் பரவியது.

அரசும் இரண்டு காரியம் செய்தது. ஏற்றுமதிக்காக இறக்கும் துணியை வரியில்லாமல் பாண்டட் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். கைக்கு வந்த வெளிநாட்டு ஆர்டரின் எல்.சி.யைக் காட்டி, துணி வாங்க வங்கியில் இன்னொரு எல்.சி. திறக்கலாம். கையில் பெரிய முதல் இல்லாதவரும் தொழிலில் இறங்க முடிந்தது. துணி ஒரு நாட்டில், தையல் டாக்காவில், விற்பனை அமெரிக்காவில். உலக மதிப்புச் சங்கிலி என்பது இதுதான்.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு வரியைத் தள்ளுபடி செய்தது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா ஒழிந்தது. இனிச் சீனாவிடம் தோற்றுவிடும் என்று பலர் கணித்தார்கள். தோற்கவில்லை. இன்று அந்நாட்டின் சரக்கு ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆடைதான். லட்சக்கணக்கான கிராமத்துப் பெண்கள் முதன்முதலாகச் சம்பளம் வாங்கினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. தையல் தொழிலாளர்களையோ மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன.

விலையைக் குறை, தேதி தவறாதே என்ற அழுத்தம் சங்கிலியின் மேல் கண்ணியில் பிறந்து கடைசிக் கண்ணியின் தலையில் இறங்குகிறது. கோட்டாவும் வரிச்சலுகையும் தொழிலைக் கொண்டுவந்தன, 130 பேரின் கல்வி அதை நிலைக்க வைத்தது. தொழிலாளியின் உயிரைக் காக்க இருந்த விதிகளை மட்டும் யாரும் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை. ஆடைத் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகள், யார் முந்தினார்கள் என்று கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.