சென்னாக்கூனி

மதுரை வட்டாரச் சந்தைகளில் நெத்திலி, வாளை, சூடைக் கருவாடுகளுக்கு நடுவே சாக்கில் குவித்து விற்கப்படும் மிகச் சிறிய உலர் இறால். கூனி, கூனிப்பொடி என்றும் சொல்வார்கள். உயிரியலில் செர்ஜெஸ்டிடே குடும்பத்தின் அசிடெஸ் பேரினத்தைச் சேர்ந்தது. முழுதும் வளர்ந்த பிறகும் நீளம் ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர்தான். தென்துருவக் கடலில் திமிங்கிலங்கள் தின்னும் கிரிலும் இதுவும் ஒன்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. கிரில் யூஃபாசியாசியா என்ற தனி வரிசை; கூனி இறால் வரிசையிலேயே அடங்கும். ஆனால் கடலின் உணவு வலையில் இரண்டும் பார்க்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்சம் கூனியைத் தண்ணீரில் ஊறவைத்து வெள்ளைத் தட்டில் பரப்பினால் முதலில் தெரிபவை கரும்புள்ளிகளாக நிற்கும் கண்கள். உடையாத ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் நடக்கும் கால்களை எண்ணினால் மூன்று ஜோடி இருக்கும். மற்ற இறால்களுக்கு ஐந்து. கிரிலுக்குச் செவுள்கள் முதுகோட்டுக்கு வெளியே கொத்தாகத் தொங்கும். கூனிக்கு ஓட்டுக்குள் மறைந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது உடல் ஊடுருவித் தெரியும். வாலடியில் சிவப்புப் புள்ளி இருக்கும்.

நெய்தல் திணைப் பாடல்களில் இறவை மேயும் நாரையும் குருகும் திரும்பத் திரும்ப வருகின்றன. கரையோரப் பறவைகளின் இரை எது என்பதைச் சங்கப் புலவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அறிவியல் பதிவு 1830இல் தொடங்குகிறது. கங்கை முகத்துவாரத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ் அசிடெஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். 1917இல் கல்கத்தாவில் பணியாற்றிய ஸ்டான்லி கெம்ப், இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த மாதிரிகளை ஆராய்ந்து இப்பேரினத்தைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் முழுவதும் கிடைக்கும் கூனி வகைகளையும் அவற்றின் மீன்பிடிப்பையும் ஒரே நூலாகத் தொகுத்தவர் ஜப்பானியரான மகோட்டோ ஓமோரி (1975).

கெம்ப்பின் பிற்கால வாழ்க்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1924இல் அவர் 'டிஸ்கவரி ஆய்வுகள்' என்ற பிரிட்டிஷ் திட்டத்தின் முதல் ஆராய்ச்சி இயக்குநரானார். மறு ஆண்டு 'டிஸ்கவரி' கப்பலில் தென்துருவக் கடலுக்குப் புறப்பட்டார். திமிங்கில வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. திமிங்கிலம் எங்கே போகும் என்று அறிய, அதன் இரையான கிரில் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். அந்தத் தேடலின் பெரும்பயன், ஜேம்ஸ் மார் 1962இல் வெளியிட்ட கிரில் நூல். கூனியை வகைப்படுத்திய கை, கிரில் ஆராய்ச்சிக்கும் அடித்தளம் போட்டது. நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி இது.

இனி கூனி மதுரைக்கு வந்த வழி. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். தூத்துக்குடிப் பாதை 1876இல். பாம்பன் பாலம் 1914இல். ஐஸ் பெட்டிகள் வருவதற்கு முன் கடல் இந்தச் சமவெளிக்கு வந்தது பெரும்பாலும் கருவாடாகத்தான். உப்புப் போடாமலே ஓரிரு நாள் வெயிலில் காய்ந்துவிடும் கூனி அதற்கு ஏற்ற சரக்கு. மணல்வெளியில் காயவைத்ததால் மணல் ஏறியிருக்கும். முறத்தில் புடைத்து, வெறும் சட்டியில் வறுத்து, உள்ளங்கையில் தேய்த்து மீசையையும் கால்களையும் உதிர்த்து, பல தண்ணீர் விட்டு அலசிய பிறகே சமைப்பார்கள். கத்தரிக்காயோடு குழம்பு, சின்ன வெங்காயத்தோடு தொக்கு, முருங்கைக்கீரையோடு பொரியல். கேப்பைக் கூழுக்கும் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஓட்டோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. இலங்கையில் இது கூனிச் சம்பல். மலேசியாவில் உப்பிட்டு இடித்துப் புளிக்கவைத்த பெலாச்சான்.

கடலில் கூனி மிதவை நுண்ணுயிர்களையும் மக்கிய இலைதழைத் துகள்களையும் தின்று வாழும். முகத்துவாரங்களிலும் ஆழம் குறைந்த சேற்றுக் கரையோரங்களிலும் பெருங்கூட்டமாகத் திரளும். ஆயுள் பெரும்பாலும் ஓராண்டுக்குள். வாளையும் கத்தாழையும் வங்கரவாசியும் இதை நம்பியே வளர்கின்றன. உண்ட இரையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உண்ட உயிரின் உடலாக மாறுகிறது என்பது பொதுவான கணக்கு. நீர்வாழ் உயிர்களில் இந்த ஆற்றல் வரவு செலவை ஆழ்ந்து ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் டி. ஜே. பாண்டியன், 1984ஆம் ஆண்டின் பட்நாகர் விருது பெற்றவர்.

இவ்வளவு முக்கியமான உயிர் அரசுக் கணக்கில் தன் பெயரோடு நிற்பது அரிது. 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பட்டியல்களில் அது 'பினயிட் அல்லாத இறால்கள்' என்ற தொகுப்புக்குள் அடங்கிவிடுகிறது. அத்தொகுப்பிலும் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரக் கரைகளில் பிடிபடுவது.

கிரிலின் கதை வேறு. 1960களில் சோவியத் கப்பல்கள் பிடிக்கத் தொடங்கின. 1982இல் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அதே ஆண்டு தென்துருவக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1986இல் இந்தியா அதன் ஆணையத்தில் உறுப்பினரானது. 1995–96இல் 'சாகர் சம்பதா' கப்பல் இந்தியாவின் முதல் கிரில் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்டது. கிரிலை உணவாக்குவது எளிதல்ல. செத்த சில மணி நேரத்தில் அதன் செரிமான நொதிகளே உடலைக் கரைத்துவிடும். ஓட்டில் ஃபுளூரைடும் அதிகம். அதனால் பிடிப்பின் பெரும்பகுதி மாவாக மீன், இறால் பண்ணைத் தீவனங்களுக்குப் போகிறது. சுவையூட்டவும், அதிலுள்ள அஸ்டாசாந்தின் மூலம் செந்நிறம் தரவும் சேர்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் 6.2 லட்சம் டன் வரம்பு எட்டப்பட்டதால் பருவம் முடியுமுன்பே தென்துருவக் கடலில் கிரில் பிடிப்பு நிறுத்தப்பட்டது. பென்குயினும் திமிங்கிலமும் இரை தேடும் அதே நீரில் கப்பல்களும் குவிகின்றன. மொத்த இருப்பு பல கோடி டன் என்பதை மட்டும் சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது.

2009இல் வன்னமை இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் தமிழகக் கரையோரப் பண்ணைகளின் தீவனத் தேவை பெருகியது. மதுரைச் சமவெளியின் கண்மாய்களுக்கு அந்தத் தேவை இல்லை. மீன்பாசி ஏலம் எடுத்துக் குஞ்சு விடும் நீர்களில் கிரிலின் இடத்தில் இருப்பவை நீர்த்தெள்ளும் அதன் உறவான நுண் ஓட்டுயிர்களும். சாணமும் சுண்ணாம்பும் இட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசியைத் தின்று இவை பெருகும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா இவற்றைத் தின்று எடை போடும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் மேல்தீவனமாகப் போதும்.