காம்பரா

கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1925இல் எழுந்த நான்கு மாடித் தொழிற்சாலை அது. உற்பத்தி நின்று பாழடைந்து கிடந்த கட்டடம் 2001இல் அருங்காட்சியகமாயிற்று. கொழுந்து உருட்டும் பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே பேணப்படுகின்றன.

அது திறக்கப்பட்ட புதிதில் செய்திக்காக நானும் போயிருந்தேன். இறங்கி வரும்போது விறகுக் கட்டுடன் எதிர்ப்பட்ட மூதாட்டியிடம், "வீடு பக்கத்திலா அம்மா?" என்று கேட்டேன். "காம்பரா அந்தா கீழ இருக்குங்க ஐயா" என்றார். நான் வீடு என்றேன். அவர் காம்பரா என்றார். பத்திரிகையில் எழுதிய கட்டுரை மறந்துவிட்டது. அந்தச் சொல் மறக்கவில்லை.

காம்பரா போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அதன் முன்னே உள்ள ஒடுங்கிய திண்ணை இஸ்தோப்பு; அது ஒல்லாந்தருடையது. அறைகள் வரிசையாய் அமைந்த கட்டடம் லயன். அது ஆங்கிலேயர் தந்தது. (அதை லயம் என்று எழுதுவது எங்கள் பத்திரிகை வழக்கம். இசைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) கரையோரத்தை மாறி மாறி ஆண்ட மூவரின் சொற்களும் மலையுச்சியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இருப்பிடத்துக்குப் பெயராகிவிட்டன.

வீடு என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. லயன் குடும்பத்துக்கென்று கட்டப்பட்டதன்று. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிருக்கு, பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே ஆட்கள் பெருமளவில் தேவைப்பட்டார்கள். தமிழகத்திலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். அவர்களுக்குப் படுக்க ஒரு கூரை போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. பயிர் மாறியது; வாழ்க்கை மாறியது; கட்டடத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயன்களில் பின்பக்கம் காற்றுக்கும் வழியில்லை. சமையலும் பிரசவமும் மரணமும் அதற்குள்தான். மகனுக்குக் கல்யாணமானால் நடுவே ஒரு சேலையைக் கட்டி மறைப்பார்கள்.

அந்த அறையும் சொந்தமன்று. தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும்வரை அறை. வேலை போனால் கூரையும் போகும். தலவாக்கலைப் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளியைப் பற்றிய தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டது சும்மா அல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களும் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அப்படிப் போனவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்தது. அங்கும் அவர்களுக்கு வாய்த்தது லயன்தான்!

எஞ்சியவர்களின் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. துரைமார் மாறினார்கள், காம்பரா யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் மாறவில்லை. அறைக்குத் தனி முகவரிகூட இல்லாததால், கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து சேர்ந்தன. பரீட்சை முடிவும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் காலங்கடந்து கைக்கு வந்த பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன்.

அண்மைக்காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துவருகின்றன. இந்திய உதவியுடன் மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். வேலை மெதுவாகவே நடக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்தபோதும் ஏராளமான குடும்பங்கள் லயன்களில்தான் இருந்தன. சாய்வில் நிற்கும் அறையை விட்டு வெளியேறச் சொல்வது எளிது. காணி உறுதி ஒருநாளும் கையில் இல்லாதவர், இழந்த வீட்டுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?