கோலகுபுவைப் புதைத்த மணல்
மலேசியாவில் செரண்டாவுக்கு வடக்கே இருந்த பழைய கோலகுபு ஊர் ஏன் அழிந்தது என்றால், 1883இல் அணை உடைந்த கதையைத்தான் பலரும் சொல்வார்கள். மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கையும் பலிகொண்ட அந்த வெள்ளம் கொடியதுதான். ஆனால் அதற்குப் பின்னும் ஊர் வளர்ந்தது, ரயிலும் வந்தது. அதைக் கொன்றது மணல். மேலே ஈயச்சுரங்கங்களில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள். ஈயம் போக மிஞ்சிய மணல் சிலாங்கூர் ஆற்றில் சேர்ந்தது. நீரின் வேகம் சற்றுக் கூடினாலே அது சுமக்கும் மணல் பலமடங்காகும். சற்றுத் தணிந்தாலோ சுமை அங்கேயே இறங்கிவிடும். மலைச்சரிவு தணியும் அந்த இடத்தில்தான், பாவம், ஊரைக் கட்டியிருந்தார்கள்.

மழைதான் காரணம் என்பாரும் உண்டு. மலையடிவாரத்தில் மழை எக்காலத்திலும் பெய்ததுதான். படுகை மேடான பிறகு ஆற்றுக்குள் அந்த நீர் கொள்ளவில்லை. கலிபோர்னியாவிலும் தங்கச் சுரங்க மண் ஆறுகளை இப்படித்தான் மேடாக்கியது. அங்கே 1884இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. கில்பர்ட் என்ற புவியியலாளர் 1917இல் அந்த மண்ணின் பயணத்தையே ஆராய்ந்து எழுதினார். கோலகுபுவிலோ 1926 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றை விட்டுவிட்டு ஊரைத்தான் மேட்டுக்கு மாற்றினார்கள்.