கிரிமெட்டனின் சுழலும் தட்டு

ஒரு பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இன்னும் எத்தனை காலம் ஓடும் என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அதில் பழுதாகும் பாகத்தைச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதே தீர்மானிக்கிறது. சுவீடனின் மேற்குக் கரையில், வார்பெரி நகருக்கு அருகே உள்ள கிரிமெட்டன் நிலையம் இதற்கு நல்ல சாட்சி. முதல் உலகப் போரின்போது கடலடிக் கேபிள்கள் அந்நியர் கையில் இருந்தன; அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்ப சுவீடன் அவர்களையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. அந்த நிலை மீண்டும் வரக்கூடாது என்றுதான் 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்களோடு இந்த நிலையத்தைக் கட்டினார்கள். 1924 டிசம்பரில் தந்திச் சேவை தொடங்கியது. அன்று நிறுவிய இயந்திரம் இன்றும் ஓடுகிறது.

உப்சாலாவில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்தது அது. அலையை உண்டாக்க அதில் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய் கிடையாது. சுழலும் எஃகுத் தட்டு ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. தட்டின் விட்டம் 1.6 மீட்டர், விளிம்பைச் சுற்றி 488 பள்ளங்கள். நிமிடத்துக்கு 2,115 சுற்று சுற்றும்போது, நொடிக்கு ஏறத்தாழ 17,200 முறை காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. 17.2 கிலோஹெர்ட்ஸ் அலை அப்படித்தான் பிறக்கிறது. தட்டின் விளிம்பு மணிக்கு 630 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதற்கும் அசையாத பகுதிக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பார்க்க அச்சமூட்டும் பொறிதான். ஆனால் பிரித்துப் பார்த்தால் பேரிங், எண்ணெய்க் குழாய், செம்புச் சுருள், மோட்டார் என எல்லாம் தெரிந்த முகங்கள். பேரிங் தேய்ந்தால் நல்ல லேத் பட்டறை செய்து தரும். சுருள் கருகினால், மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவருக்கு அந்த வேலை பிடிபடும்.

இங்கிலாந்தின் டிராய்ட்விச் நிலையத்தின் கதை வேறு. பிபிசியின் நெட்டலை ஒலிபரப்பு அங்கே பெரிய வால்வுகளை நம்பியிருந்தது. உலகில் பத்துக்கும் குறைவான உதிரிகளே மிஞ்சியிருப்பதாக 2011-இல் பிரிட்டிஷ் நாளேடுகள் எழுதின. கிரிமெட்டன் இயந்திரத்துக்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வந்த தலைமுறையின் டிரான்ஸ்மிட்டர் அது. வால்வையும் பழுது பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம்தான்: உறையை வெட்டித் திறந்து, புது இழை பொருத்தி, காற்றை உறிஞ்சி மூடும் தொழில் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு உயர் வெற்றிடமும், உலோகத்தையும் பீங்கானையும் காற்றுப் புகாமல் இணைக்கும் கைத்திறனும் வேண்டும். அவை ஒரு சில ஆலைகளுக்குள் வளர்ந்தவை. ஆலையை மூடும் நாளில் அந்தத் திறனும் கலைந்துவிடும். லேத் பிடிக்கும் கை அப்படியல்ல, அது ஊருக்கு ஊர் இருக்கிறது.

கிரிமெட்டனைக் காத்தது கடற்படையும் யுனெஸ்கோவும்தான், பழுதுபார்ப்பு அல்ல என்பது வலுவான மறுப்பு. இத்தகைய நீண்ட அலை நீருக்குள்ளும் ஓரளவு ஊடுருவும் என்பதால் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப சுவீடன் இந்த நிலையத்தை வைத்திருந்தது உண்மை. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் உண்மை. சிற்றலை வந்து தேவை தீர்ந்ததால்தான் அமெரிக்காவில் இதே வகை இயந்திரங்கள் ஒதுக்கப்பட்டன. ஆகவே தேவை இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் நிலைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிராய்ட்விச்சுக்கும் கேட்பவர்கள் இருந்தார்கள், உதிரி வால்வுகள்தான் அரிதாகிவிட்டன. உலகச் சின்னம் என்ற பட்டயம் ஒரு கட்டடத்தை இடிபடாமல் காக்கும், கருகிய சுருளைக் கட்டித் தராது. டிசம்பர் 24 காலையில் இன்றும் கிரிமெட்டனிலிருந்து மோர்ஸ் ஒலி கிளம்புகிறது என்றால், எண்ணெய் மாற்றி, இடைவெளி அளந்து பராமரிக்கும் ஆர்வலர்களின் கைகளே காரணம்.

என் வாதம் எட்டாத இடம் ஒன்று உண்டு, அந்தத் தட்டு. அதில் விரிசல் விழுந்தால் எந்த ஊர்ப் பட்டறையும் போதாது. கிரிமெட்டனில் முதலில் நிறுவியவை இரண்டு இயந்திரங்கள். இரண்டாவதைப் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். மாற்றாகக் கிடைத்திருக்கக்கூடிய தட்டும் அதோடு போயிற்று.